சீன மேல்நிலைப் பிள்ளைகளுக்கு இயற்கை, சூழல் பற்றிய ஆங்கில வாசிப்பு: எந்த மாதிரிப் பத்தி கொடுப்பது?

நீர்க்குமிழி (வூஹான்):

வணக்கம். இந்தக் குழுவில் ஆசிரியர்கள் நிறையப் பேர் இருப்பதால் இங்கே கேட்கிறேன். நான் வூஹானில் ஏரி, ஆற்று நீரின் தரம் பற்றிய ஆய்வில் இருக்கிறேன், வாத்தியார் வேலை எனக்குப் புதிது. எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் சீனத் தோழி ஒருவர் மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறார். அவருடைய இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு (நம் ஊர்க் கணக்கில் பிளஸ் ஒன்) வார இறுதி வாசிப்புக்கு 'மனிதனும் இயற்கையும்' என்ற தலைப்பில் பத்திகள் தயார் செய்து தரச் சொல்லியிருக்கிறார். ஆறு, மீன், பாசி என்று நாள் முழுக்கத் திரிகிறவன்தானே, உனக்குத் தெரியாததா என்கிறார்.

தெரியாதவர்களுக்குப் பின்னணி: 2017-இல் வந்த அவர்களுடைய பாடத்திட்டம் ஆங்கிலப் பாடத்தின் பொருள் முழுவதையும் மூன்றாகப் பிரிக்கிறது. மனிதனும் தானும், மனிதனும் சமூகமும், மனிதனும் இயற்கையும். இந்த மூன்றாவதுதான் என் தலையில் விழுந்தது. பிள்ளைகள் குறி வைப்பது காவ்காவ் எனும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை. வூஹான் இருக்கும் ஹூபெய் மாகாணத்துப் பிள்ளைகள் எழுதும் தாளில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண், 120 நிமிடம். கேட்டல் 30, வாசிப்பு 50, இடம் நிரப்புவது 30, எழுதுவது 40. வாசிப்பில் ஏ, பி, சி, டி என்று நான்கு பத்திகள், 15 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மதிப்பெண். அதன்பின் 'ஏழில் ஐந்து': ஒரு கட்டுரையில் ஐந்து வாக்கியங்களை உருவிவிட்டு ஏழு வாக்கியங்களைக் கொடுப்பார்கள், பொருத்த வேண்டும்.

சிக்கல் இதுதான். பல்லுயிர், சூழல்தொகுதி, கார்பன் நடுநிலை ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் இந்தப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுகிறார்கள். ஆனாலும் சூழல் பற்றிய பத்தி வந்தால் மதிப்பெண் சரிகிறது. தோழி காட்டிய விடைத்தாள்களைப் பார்த்தேன். புதுச் சொல் இருக்கும் இடத்தில் யாரும் தவறவில்லை. 'இந்தப் பத்தியை எழுதியவர் என்ன நினைக்கிறார்', 'மூன்றாம் பாராவிலிருந்து என்ன ஊகிக்கலாம்' என்று கேட்டால் கவிழ்கிறார்கள்.

எந்த மாதிரிப் பத்தி கொடுத்தால் இது சரியாகும்? எளிமைப்படுத்தியதா, பத்திரிகையில் வந்ததை அப்படியேவா? சீனாவைப் பற்றியதா, வெளிநாட்டைப் பற்றியதா?


கோடம்பாக்கம் கணேசன் (சென்னை):

சார், சுத்தி வளைக்காம சொல்றேன். பழைய வினாத்தாள் எடுங்க. வருஷா வருஷம் சூழல் பத்தி ஒண்ணாவது வருது. நாலு பத்தி, முப்பத்தஞ்சு நிமிஷம், கடிகாரம் வெச்சு எழுத விடுங்க. தப்பானதை மட்டும் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்க. நான் இங்க வங்கித் தேர்வுப் பசங்களுக்கு ஆங்கிலம் எடுக்கிறவன். எந்த நாட்டுத் தேர்வா இருந்தாலும் கேள்வி போடறவன் மூளை ஒரே மாதிரிதான் ஓடும். நீங்களே பத்தி எழுத ஆரம்பிச்சீங்கன்னா உங்க மூளைதான் அதுல இருக்கும், தேர்வுத்துறை மூளை இருக்காது.


பனங்கிழங்கு (யாழ்ப்பாணம்):

தம்பி கணேசன் சொல்லுறதிலை பாதியை ஒத்துக்கொள்ளுறன். மற்றப் பாதி பிழை. நான் கனகாலம் இங்கிலிஷ் படிப்பிச்சு ஓய்வு பெற்றனான். கடிகாரம் வைச்சு வாசிக்கிற பிள்ளை வாசிக்கிறேல்லை, வேட்டையாடுது. கேள்வியிலை இருக்கிற சொல்லைப் பத்தியிலை தேடிப் பிடிக்கும், அதுக்குப் பக்கத்திலை என்ன கிடக்குதோ அதை எடுத்துக்கொண்டு ஓடும். நீர்க்குமிழி சொல்லுற வியாதி அதுதான். எழுதினவர் என்ன நினைக்கிறார் எண்டு கேட்டால் அது ஒரு சொல்லிலை இராது, முழுப் பத்தியிலையும் பரவிக் கிடக்கும். வேட்டைக்காரனுக்கு அது அம்பிடாது.

முதலிலை ஒரு நீளமான கட்டுரையைக் கேள்வியே இல்லாமல் குடுங்கோ. வாசிச்சு முடிச்சாப் பிறகு ஒரே ஒரு வசனம் எழுதச் சொல்லுங்கோ: 'இவர் என்னை எதை நம்பச் சொல்லுறார்?' அவ்வளவுதான்.


தேக்கா டீச்சர் (சிங்கப்பூர்):

நான் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன், சீன மொழியும் ஓரளவு வாசிப்பேன். காவ்காவ் தாள்களை ஆர்வத்துக்காகப் பார்ப்பது உண்டு. பழைய தாளைப் பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பு இல்லை, ஆனால் எல்லாச் சூழல் பத்தியும் ஒரே தரம் இல்லை.

2022-இல் ஹூபெய் எழுதிய அதே தாளில் பெரும்பாண்டா தேசியப் பூங்கா பற்றி இலக்கணம் நிரப்பும் பகுதி வந்தது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவைப் போல் மூன்று மடங்கு பரப்பு, பாண்டாவைக் காத்தால் அதன் குடைக்கீழ் மற்ற உயிர்களும் பிழைக்கும் என்று போகும். நல்ல பகுதி. இலக்கணம் சோதிக்கப் போதும். ஆனால் அதையே வாசிப்புப் பத்தியாக ஆக்கிக் கேள்வி போட்டால் எந்தச் சீனப் பிள்ளையும் படிக்காமலே பதில் சொல்லிவிடும். சிறு வயதிலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகிய கதை.

இப்போது 2021 தாளின் சி பத்தியைப் பாருங்கள். அமெரிக்காவின் வாத்து முத்திரை. 1934-இல் வந்த சட்டப்படி நீர்ப்பறவை வேட்டையாடுகிறவர் ஆண்டுதோறும் ஒரு முத்திரை வாங்கியாக வேண்டும். அந்தப் பணம் ஈரநிலங்களை வாங்கிப் பாதுகாக்கப் போகிறது. அதாவது வாத்தைச் சுடுகிறவன் காசில் வாத்து பிழைக்கிறது. வேட்டைக்காரன் கெட்டவன், காப்பவன் நல்லவன் என்று மனசில் முடிவோடு வரும் பிள்ளை இங்கே தடுக்கி விழும். விழத்தான் வேண்டும். தான் நினைத்ததை விட்டுவிட்டு எழுதியவர் சொல்வதைக் கேட்க வேண்டிய நிலை அப்போதுதான் வருகிறது.

2024 தாளின் டி பத்தியும் அந்த வகை. உலகெங்கும் தன்னார்வலர்கள் கைப்பேசியில் படம் எடுத்து உயிரினப் பதிவுகளைக் குவிக்கிறார்கள். 'எவ்வளவு நல்ல காரியம்' என்று பிள்ளை நினைக்கும்போது, அந்தப் பதிவுகள் மனிதர் எளிதில் போகும் இடங்களிலேயே குவிகின்றன, கண்ணைக் கவரும் உயிர்களே அதிகம் பதிவாகின்றன, அதனால் படம் கோணலாகிறது என்று ஆய்வாளர் சொல்கிறார். தரவு கூடினால் அறிவு கூடும் என்ற எண்ணத்தையே அசைக்கும் பத்தி.

ஒரு சோதனை சொல்கிறேன். நீங்கள் எடுக்கும் எந்தப் பத்தியானாலும் முதலில் கேள்விகளை மட்டும் நாலைந்து பிள்ளைகளிடம் கொடுங்கள், பத்தியைக் கொடுக்காதீர்கள். பாதிக்கு மேல் சரியாக வந்தால் அந்தப் பத்தியைக் குப்பையில் போடுங்கள்.


நீர்க்குமிழி (வூஹான்):

//கேள்விகளை மட்டும் கொடுங்கள்//

டீச்சர், தோழியிடம் சொன்னேன், உடனே செய்து பார்த்துவிட்டார். பாண்டா பற்றி ஏதோ துணைநூலில் இருந்த வாசிப்புப் பத்திக்குப் பிள்ளைகள் பத்தியே இல்லாமல் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் சரியாகக் குறித்துவிட்டார்களாம். வாத்து முத்திரைக் கேள்விகளில் ஆளுக்கொரு பதில். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. வகுப்பில் இத்தனை நாளாகச் 'சூழல் வாசிப்பு' என்று செய்ததில் எவ்வளவு வாசிப்பு என்று யோசிக்கிறார் போலும்.


நான்ஷான் அப்பா (ஷென்ஜென்):

பெற்றோர் தரப்பிலிருந்து நானும் வருகிறேன். என் மகள் இங்கே உள்ளூர்ப் பள்ளியில் மேல்நிலை முதல் ஆண்டு. நீங்கள் எல்லாரும் பத்தியின் தரத்தைப் பேசுகிறீர்கள், அதை வாசிக்கிற பிள்ளையின் நாள் எப்படி என்று தெரிந்தால் நல்லது. காலை ஏழரைக்குள் வகுப்பில் இருக்க வேண்டும். மாலைப் பாடம் முடிந்து சாப்பிட்டதும் இரவுச் சுயபடிப்பு, அது ஒன்பதரை, பத்துவரை இழுக்கும். பள்ளிக்குள் கைப்பேசி கிடையாது. ஆகவே இணைப்பு, காணொளி எதுவும் வேலைக்கு ஆகாது. ஏ4 தாள், ஒரே பக்கம், கறுப்பு வெள்ளை. பக்கம் திரும்பினால் போச்சு. பனங்கிழங்கு ஐயா சொல்லும் நீளக் கட்டுரை எனக்கும் பிடிக்கும், ஆனால் சனிக்கிழமை இரவு அதைக் கையில் கொடுத்தால் மகள் என்னைப் பார்க்கும் பார்வையை நீங்கள் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. இந்தப் பிள்ளைகள் தப்பு விடைகளை வகை பிரித்தே படிக்கிறார்கள். பத்தியில் இல்லாததை இட்டுக்கட்டியது ஒரு வகை, ஒரு பகுதிக்குச் சொன்னதை முழுவதற்கும் சொல்வது ஒரு வகை. அப்புறம் ஜாங்கின் தொப்பியை லீ தலையில் வைப்பது, அதாவது ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதாக மாற்றுவது. ஆசிரியர்கள் இப்படித்தான் பெயரிட்டுச் சொல்லித் தருகிறார்கள். 'எழுதியவரின் மனநிலை என்ன' என்ற கேள்வியில் 'அக்கறையற்றவர்' என்ற விடை இருந்தால் வாசிக்காமலே அடித்துவிடுவாள் மகள். 'அக்கறை இல்லாதவன் ஏன்ப்பா கட்டுரை எழுதப் போறான்?' என்பாள். பதில் சொல்ல முடியவில்லை.


கோடம்பாக்கம் கணேசன் (சென்னை):

உங்க மகளை எங்க கோச்சிங் சென்டருக்கு வாத்தியாரா அனுப்புங்க சார்.

சரி, தேக்கா டீச்சர் சோதனை நல்லா இருக்கு. ஆனா ஒரு கேள்வி. தெரிஞ்ச விஷயமா இருந்தா படிக்காம பதில் சொல்றான். தெரியாத விஷயமா இருந்தா? அமெரிக்க ஈரநிலம், ஸ்வீடன் பூங்கான்னு போனா பாதி நேரம் அது எங்க இருக்கு, என்ன மரம்னு புரியறதுலயே போயிடும். அப்ப தப்பு வந்தா அது வாசிப்புத் தப்பா, பொது அறிவுத் தப்பான்னு எப்படிப் பிரிப்பீங்க?


தேக்கா டீச்சர் (சிங்கப்பூர்):

கணேசன் சார், நியாயமான கேள்வி. அதனால்தான் இடம் தெரிந்ததாக இருக்கட்டும், வாதம் தெரியாததாக இருக்கட்டும் என்கிறேன். ஊரும் விலங்கும் பழக்கமானவை, ஆனால் எழுதியவர் போகும் முடிவு பிள்ளை எதிர்பாராதது. அப்போது தவறினால் அது வாசிப்பில் தவறியதுதான்.


செங்காந்தள் (கோயம்புத்தூர்):

நான் யுன்னானில் மருத்துவம் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள். டீச்சர் சொல்கிற வகைக்கு யானை இருக்கிறதே! 2020-இல் யுன்னானின் தெற்கே ஷிஷுவாங்பன்னா பக்கத்திலிருந்து கிளம்பிய யானைக்கூட்டம், பதினைந்து யானைகள், வயல், ஊர், நெடுஞ்சாலை எல்லாம் தாண்டி 2021 ஜூன் தொடக்கத்தில் மாகாணத் தலைநகர் குன்மிங் ஓரம் வரை வந்துவிட்டன. ஆகஸ்டு 8 அன்று யுவான்ஜியாங் ஆற்றுப் பாலத்தைக் கடந்து தெற்கே திரும்பின. சீனா முழுக்க டிரோன் படத்தில் அவை படுத்து உறங்குவதைப் பார்த்தது. இன்றைய மேல்நிலைப் பிள்ளைகள் அப்போது சின்னப் பள்ளியில் இருந்திருப்பார்கள், எல்லாருக்கும் நினைவிருக்கும்.

'காட்டை அழித்தார்கள், யானை வெளியே வந்தது' என்றுதான் எந்தப் பிள்ளையும் எழுதும். காப்புக்காடுகளுக்கு வெளியே ரப்பர், தேயிலைத் தோட்டங்கள் பெருகியது உண்மை. ஆனால் ஆய்வாளர்கள் சொல்லும் இன்னொரு காரணம் தலைகீழானது. காப்புக்காட்டுக்குள் வெட்டும் எரிப்பும் நின்று மரங்கள் அடர்ந்து மேலே மூடிக்கொண்டன. வெயில் இறங்காததால் தரையில் யானை தின்னும் புல்லும் செடியும் குறைந்தன. காடு காடாகச் சிறப்பானது, யானைக்குச் சாப்பாடு குறைந்தது. பக்கத்திலேயே கரும்பும் சோளமும். கூடவே பாதுகாப்பினால் யானையின் எண்ணிக்கையும் கூடியிருக்கிறது, நாடு முழுவதற்கும் முந்நூறு வரை என்கிறார்கள். இந்தக் கூட்டம் ஏன் அவ்வளவு தூரம் நடந்தது என்பதற்கு உறுதியான ஒரே பதில் இன்றும் கிடையாது. இதைவிட நல்ல ஊகக் கேள்வி எங்கே கிடைக்கும்?

எங்கள் கோவை தடாகம் பள்ளத்தாக்கு யானைகளையும் சேர்த்து எழுத ஆசைதான். ஆனால் வூஹான் பிள்ளைக்கு அது எதற்கு.


பனங்கிழங்கு (யாழ்ப்பாணம்):

பிள்ளை செங்காந்தள், அருமை. கேள்வி இல்லாமலே இதை வாசிக்கலாம்.


கோடம்பாக்கம் கணேசன் (சென்னை):

எதிர்பாராத முடிவுன்னா நானும் ஒண்ணு தர்றேன். சீனாவுல 1958 சிட்டுக்குருவி ஒழிப்பு. தானியத்தைத் தின்னுதுன்னு நாடே தட்டைத் தட்டிக் குருவியை உட்காரவிடாம விரட்டினாங்க. குருவி போனதும் பூச்சி பெருத்தது. 1960-ல ஒழிக்க வேண்டியதுங்க பட்டியல்ல இருந்து குருவியை எடுத்துட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தாங்க.


நீர்க்குமிழி (வூஹான்):

கணேசன் சார், கதை நல்ல கதை, ஆனால் பள்ளி முத்திரையோடு போகும் தாளில் அது வராது. அந்த ஆண்டுகளின் பஞ்சத்தைத் தொடாமல் அந்தக் கதையை முடிக்க முடியாது, தொட்டால் தோழிக்குத்தான் தலைவலி. நான் ஊருக்குப் போய்விடுவேன், அவர் இங்கேயே வேலை பார்க்க வேண்டும்.

ஆனால் இதை ஒட்டி ஒன்று கேட்கிறேன். எதிர்பாராத முடிவு என்றால் எப்போதும் குறை சொல்லும் பத்தியாகத்தான் இருக்க வேண்டுமா? மரம் நடுவதை எடுத்துக்கொண்டேன். ஹெபெய் மாகாணத்தின் சைஹான்பா 1962-இல் வெறும் மணலும் காற்றுமாக இருந்த இடம். இன்று பெருங்காடு. 2017-இல் ஐநா சூழல் அமைப்பின் உயர்ந்த விருது கிடைத்தது. பாடப்புத்தகம், செய்தி, கட்டுரைப்போட்டி எல்லாவற்றிலும் உண்டு. டீச்சரின் சோதனையில் உடனே தோற்கும். அதே மரம் நடுவதில் வடக்கே இருக்கும் லோயஸ் எனும் மஞ்சள் மண் மேட்டுநிலத்தைப் பாருங்கள். 1999 முதல் சரிவான வயல்களை மூடிப் புல்லும் மரமும் வளர்த்ததில் மஞ்சள் ஆற்றில் போகும் வண்டல் வெகுவாகக் குறைந்தது. ஆனால் மரம் தண்ணீர் குடிக்கும். அந்த மேட்டுநிலத்தின் நீர் தாங்கக்கூடிய எல்லையை நடவு நெருங்கிவிட்டது என்று 2016-இல் ஓர் ஆய்வு வந்தது. எழுதியவர்கள் மரம் நடுவதற்கு எதிரிகள் இல்லை. எங்கே, எந்த மரம், எவ்வளவு என்று கேட்கிறார்கள். மாணவர்கள் இதைப் படித்தால் 'எழுதியவர் எதிர்ப்பவர்' என்று குறித்துவிடுவார்கள் என்பது என் பயம்.


தேக்கா டீச்சர் (சிங்கப்பூர்):

அந்தப் பயம்தான் நீங்கள் தேடிய பயிற்சி! இந்தப் பிள்ளைகளுக்குச் சூழல் என்றால் இரண்டே பெட்டி: ஆதரவு, எதிர்ப்பு. நல்ல கட்டுரையாளர் இரண்டிலும் அடங்க மாட்டார். 'இது நடந்தது, ஆனால் இவ்வளவுதான் சொல்ல முடியும்' என்று அளந்து பேசுவார். அந்த அளவைப் பிடிக்கத் தெரியாததுதான் மதிப்பெண் சரிவதற்குக் காரணம். குறை சொல்லும் பத்தி வேண்டாம், அளந்து சொல்லும் பத்தி வேண்டும்.


நான்ஷான் அப்பா (ஷென்ஜென்):

எழுத்துப் பகுதிக்கும் இது உதவுமா? 40 மதிப்பெண் அங்கே இருக்கிறது. 25 மதிப்பெண்ணுக்குக் கதையைத் தொடர்ந்து எழுத வேண்டும். 2020 ஜெஜியாங் தாளில் கனடாவின் சர்ச்சில் ஊருக்குப் பக்கத்தில் துருவக் கரடியைப் படம் எடுக்கப் போன தம்பதி கதை வந்தது. கரடி முகாமுக்குள் வந்துவிடும், கரடியை விரட்டும் மிளகுத் தெளிப்பான் (பெப்பர் ஸ்ப்ரே) தீர்ந்துவிடும், மிச்சத்தைப் பிள்ளை எழுத வேண்டும். நூற்றைம்பது சொல் அளவு. மகள் பயிற்சிக்கு எழுதியதில் கரடி மனம் திருந்தி வணக்கம் சொல்லாத குறை.


பனங்கிழங்கு (யாழ்ப்பாணம்):

சிரிச்சு முடியேல்லை. ஆனால் காரணம் இருக்கு. விலங்கு எப்பிடி நடக்கும் எண்டு சொல்லுற எழுத்தைப் பிள்ளை வாசிச்சதில்லை, விலங்கைக் காப்பாற்ற வேணும் எண்டு சொல்லுற எழுத்தைத்தான் வாசிச்சிருக்கு. பசிச்ச கரடி மோப்பம் பிடிச்சு நிண்டு திரும்பிப் பார்த்துப் போற விதத்தை வாசிச்ச பிள்ளை வேறை மாதிரி எழுதும். நாலு பத்தி வாதம் குடுத்தால் ஒண்டாவது இப்பிடிப் பார்த்து எழுதினதாய் இருக்கட்டும்.


நீர்க்குமிழி (வூஹான்):

எல்லாரும் சொன்னதை வைத்து ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். யானையைச் செங்காந்தளிடமே விட்டுவிட்டேன், அவர் எழுதித் தருவதாகத் தனிச்செய்தியில் சொன்னார். நான் என் வீட்டு வாசலில் ஓடும் யாங்சியை எடுத்தேன். ஆங்கிலத்தில் 340 சொல் வருகிறது. இங்கே சுருக்கம் தமிழில்.

முதல் பாரா: 2006 இறுதியில் விஞ்ஞானிகள் ஆறு வாரம் யாங்சியில் தேடினார்கள். பாய்ஜி என்ற வெள்ளை ஓங்கில் (டால்பின்) ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இப்போது அந்த ஆற்றில் மிஞ்சியிருக்கும் அவ்வகை உயிர் ஜியாங்துன், முதுகில் துடுப்பு இல்லாதது, வாய் எப்போதும் சிரிப்பது போல் வளைந்திருக்கும்.

இரண்டாம் பாரா: 2017 கணக்கெடுப்பில் 1,012. 2022-இல் 1,249. பல்லாண்டுச் சரிவுக்குப் பின் முதல்முறை ஏற்றம். 2021 ஜனவரி 1 முதல் பத்தாண்டு மீன்பிடித் தடை அமலில் இருக்கிறது, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மீனவர்கள் கரையேறினார்கள். ஏற்றத்துக்குத் தடைதான் காரணம் என்று பலர் சொன்னார்கள்.

மூன்றாம் பாரா: இரண்டு கணக்கெடுப்புக்கும் நடுவே ஐந்து ஆண்டு. அதில் தடை இருந்தது இரண்டாண்டுக்கும் குறைவு. ஜியாங்துன் ஏறக்குறைய ஓராண்டு சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும். அவ்வளவு குறுகிய காலத்தில் தடை மட்டுமே இந்த ஏற்றத்தை முழுதும் விளக்குமா? மணல் அள்ளலுக்கு வந்த கட்டுப்பாடும், தியான்எஜோ பழைய ஆற்று வளைவில் 1992 முதல் இருக்கும் காப்பகம் போன்றவையும் முன்பே வேலை செய்துகொண்டிருந்தன.

நான்காம் பாரா: அந்த 1,249-இல் ஆற்றின் முதன்மை ஓட்டத்தில் 595, போயாங் ஏரியில் 492, தொங்திங் ஏரியில் 162. அதே 2022 கோடையில் போயாங் ஏரி வறட்சியில் சுருங்கியது. மீன் திரும்பி வந்தாலும் நீர் இருக்க வேண்டுமே.

கேள்விகள்:

ஒன்று, எழுதியவர் ஏன் பாய்ஜியில் தொடங்குகிறார்?

இரண்டு, மூன்றாம் பாராவிலிருந்து என்ன ஊகிக்கலாம்? ஏ: தடையால் பயன் இல்லை. பி: தடை ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் ஏற்றம் முழுவதற்கும் அது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. சி: தடையை நீக்க வேண்டும். டி: மீனவர்கள் தடையை எதிர்க்கிறார்கள்.

மூன்று, நான்காம் பாராவில் ஏரிகளின் எண்ணிக்கை எதற்காக?

நான்கு, ஜியாங்துன்னின் எதிர்காலம் குறித்து எழுதியவரின் மனநிலை? ஏ: மகிழ்ச்சி. பி: அக்கறையின்மை. சி: எச்சரிக்கையான நம்பிக்கை. டி: ஏமாற்றம்.

பிரித்து மேயுங்கள்.


கோடம்பாக்கம் கணேசன் (சென்னை):

பத்தி நல்லா இருக்கு சார், ஒத்துக்கறேன். கேள்வி ரெண்டு மட்டும் சொதப்பல். நாலு ஆப்ஷன்ல எது நீளம்? பி. எதுல 'இருக்கலாம்'னு இழுக்குது? பி. வாசிக்கவே வேண்டாம், அளவுகோல் போதும். மத்த மூணும் மொட்டையா நிக்குது. நாலாவது கேள்வில 'அக்கறையின்மை'யை நான்ஷான் சார் மகள் ஏற்கெனவே அடிச்சுட்டா.


செங்காந்தள் (கோயம்புத்தூர்):

மூன்றாவது கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்கு ஒரே ஏரியில் இருக்கிறது, அந்த ஏரிதான் வற்றியது. இரண்டு தகவலும் ஒரே பாராவில் இருக்கின்றன, ஆனால் 'ஆகவே ஆபத்து' என்று நீங்கள் எழுதவில்லை. அதைப் பிள்ளைதான் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதை ஆங்கிலத்திலும் எழுதாமல் விட்டுவிடுங்கள், கடைசி நேரத்தில் கை அரிக்கும்.


பனங்கிழங்கு (யாழ்ப்பாணம்):

தம்பி நீர்க்குமிழி, ஒரு கேள்வி சேருங்கோ, மதிப்பெண் இல்லாமல். 'என்ன தெரிஞ்சால் எழுதினவர் தன்ரை கருத்தை மாற்றுவார்?' தடை முழுப் பத்து வருசமும் முடிஞ்சாப் பிறகு எடுக்கிற கணக்கு எண்டு ஒரு பிள்ளை எழுதலாம், தடை இல்லாத இன்னொரு ஆற்றின்ரை கணக்கு எண்டு இன்னொண்டு எழுதலாம். ஒரு வசனம் போதும்.


கோடம்பாக்கம் கணேசன் (சென்னை):

ஐயா, மதிப்பெண் இல்லாத கேள்வியை இந்த உலகத்துல எந்தப் பையன் எழுதுவான்?


பனங்கிழங்கு (யாழ்ப்பாணம்):

மூண்டு பேர் எழுதுவினம். அந்த மூண்டு பேருக்காகத்தான் கேக்கிறன்.


தேக்கா டீச்சர் (சிங்கப்பூர்):

இரண்டாவது கேள்வியை இப்படி மாற்றிப் பார்க்கலாமா? நான்கு விடையும் ஏறக்குறைய ஒரே நீளம், இழுவையும் பரவலாக.

ஏ: தடை வருவதற்கு முன்பே எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பியிருக்கலாம். பி: ஏற்றத்தில் ஒரு பங்கு தடைக்கு முந்தைய முயற்சிகளால் வந்திருக்கும். சி: தடை நீண்ட காலம் நீடித்தால் மட்டுமே பயன் தரத் தொடங்கும். டி: மணல் அள்ளலை நிறுத்தியது தடையைவிடப் பெரிய காரணமாக இருக்கலாம்.

டி-யில்தான் நல்ல பிள்ளைகள் மாட்டுவார்கள். மணல் பத்தியில் இருக்கிறது, தடையை எழுதியவர் கேள்வி கேட்கிறார், ஆனால் இரண்டையும் எடை போட்டு எது பெரிது என்று அவர் சொல்லவே இல்லை. நாலாவதில் 'அக்கறையின்மை'க்குப் பதில் 'குழப்பம்' என்று போடுங்கள், அதை வாசிக்காமல் அடிக்க முடியாது.


நீர்க்குமிழி (வூஹான்):

டீச்சர், இதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். தோழியிடம் காட்டினேன். டி-யைப் படித்துவிட்டு அவரே பத்திக்குத் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் 'இல்லை' என்றார். ஐயாவின் மதிப்பெண் இல்லாத கேள்வியும் தாளின் அடியில் போகிறது. அதற்கு இரண்டு வரி இடம்தான் மிஞ்சியது, நான்ஷான் அப்பாவின் ஒரு பக்க விதியை மீற முடியாதாம். சனிக்கிழமை மாலை வகுப்பில் கொடுக்கிறார்.


நான்ஷான் அப்பா (ஷென்ஜென்):

எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், விடை இல்லாமல். விடை இருந்தால் மகள் முதலில் அதைத்தான் பார்ப்பாள்.


செங்காந்தள் (கோயம்புத்தூர்):

யானைப் பத்தி ஞாயிற்றுக்கிழமைக்குள் போடுகிறேன். கேள்விகளை முதலில் தனியாகப் போடுவேன், பத்தியைப் பிறகுதான். கணேசன் சார், நீங்கள்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.